28 நாள் கணக்கில் ஒரு நாள் மீதி குறைந்தால்

பிரித்தானிய மாணவர் வீசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் உரிய தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் ஒரு நாள் மட்டும் மீதி குறைந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 28 நாளையும் புதிதாக எண்ண வேண்டும், மீதி மறுபடி உரிய தொகைக்கு வந்த நாளிலிருந்து. இதற்குச் சராசரி உதவாது; இடையில் ஒரு நாள் குறைந்தாலும் செல்லாது. ‘ஒரு நாள்தானே’ என்கிற உங்கள் முகவர் வீசாக் கட்டணத்தைத் திருப்பித் தரப்போவதில்லை.

யாரும் பணம் எடுக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் வங்கி தானாகக் கழித்த ஏதோ கட்டணமாக இருக்கலாம். கேட்ட தொகையை மட்டும் அளந்து போட்டால் இப்படித்தான் வழுக்கும்.

1. யாழ்ப்பாணக் கிளையில் அப்பாவின் கணக்கு அறிக்கையை எடுத்து, மீதிப் பத்தியை வரிவரியாகப் பாருங்கள்.

2. அதில் மிகக் குறைந்த தொகையைப் பவுணுக்கு மாற்றிப் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாளன்று ஓஆண்டா (OANDA) என்ற நாணய மாற்று இணையத் தளத்திலுள்ள விகிதமே கணக்கு. ரூபாய் சரிந்தால் தொட்டும் பார்க்காத பணமே போதாமல் போகும். தாராளமாக மேலே வையுங்கள்.

3. அப்பாவின் சம்மதக் கடிதமும், உங்கள் பிறப்புச் சான்றிதழும் அதன் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

ஒன்று கவனம்: அறிக்கையின் கடைசித் தேதி விண்ணப்ப நாளுக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். கனடாச் சித்தப்பாவின் கணக்கைக் காட்ட முடியாது. அவர் தருவதானால் உங்கள் கணக்குக்கோ பெற்றோர் கணக்குக்கோ வந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும்.