கொப்பியை விரித்தும் கை ஓடாத நேரம்: கேள்வி பதில்

எழுத, வரைய உட்காரும்போது மனசு பின்வாங்குகிறதே, அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வாகரையில் இருந்து பொத்துவில் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடத்தில் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஆரையம்பதியில் இருந்து ஒரு தாய்: டீச்சர், பிள்ளைகள் படுத்த பிறகு கதை எழுத கொப்பியை எடுக்கிறன். எடுத்த உடனே குசினி கூட்டணும், உடுப்பு மடிக்கணும் எண்டு வருது. கடைசியில போனைப் பாத்துட்டுப் படுக்கிறன். நான் சோம்பேறியா?

சோம்பேறி ராவு பத்து மணிக்குக் குசினி கூட்டமாட்டா, மகள். கதையைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் உங்களைத் தடுப்பது களைப்பில்லை, பயம். நல்லா வராதோ, வந்தாலும் வீட்டாக்கள் வாசித்துவிட்டு என்ன சொல்வார்களோ என்ற பயம். வேலையைத் தள்ளிப்போடுவது பற்றி ஃபியூஷியா சிரோய், திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. தள்ளிப்போட்டதும் அந்த நேரத்து மனக்கலக்கம் அடங்குகிறது. "மறுகா எழுதுவம்" என்று கொப்பியை மூடியதும் நெஞ்சு லேசாகிறதல்லவா? அந்த லேசுக்கு மனசு பழகிவிடுகிறது.

ஆகவே நேரசூசி போட்டு உங்களை நீங்களே இறுக்குவதில் பலனில்லை. பயப்பட இடமில்லாத அளவுக்கு வேலையைச் சின்னதாக்க வேண்டும். நாளைக்குக் கதை எழுத உட்காராதீர்கள். கதையில் வரும் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மீன் வாங்கப் போகிறாள், கையில் உமல், ஓலையால் இழைத்த பை. ஒரு காது அறுந்து, நைலோன் கயிற்றால் கட்டியிருக்கிறது. அன்றைய எழுத்து அவ்வளவுதான். இன்னும் ஓடினால் ஓடட்டும். நிறுத்தும்போது வசனத்தைப் பாதியில் விடுங்கள், அடுத்த ராவு வெறுந்தாளில் தொடங்க வேண்டி வராது. போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள்.

மருதமுனையில் இருந்து ஒரு கவிஞர்: முதல் வரி சரியா விழாட்டி எனக்கு அடுத்த வரிக்குப் போக ஏலாது.

எங்கட கூத்தை யோசித்துப் பாருங்கள் தம்பி. சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டுப் பகுதியைக் கையில் கொடுப்பது), தாளக்கட்டுப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்ப்பது), அதுக்குப் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்காகும். முதல் நாள் கால் பிசகினால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வேறு ஆளைத் தேடுவதில்லை. நீங்களோ கொப்பி விரித்த அன்றைக்கே அரங்கேற்றம் கேட்கிறீர்கள். நடுவில் வந்த வரியை முதலில் எழுதுங்கள். பல கவிதைகளுக்கு முதல் வரி கடைசியில்தான் கிடைக்கிறது.

கல்லடியில் ஓவியம் படிக்கும் மாணவி: வெள்ளைக் கன்வஸைப் பாத்தாலே கை விறைக்குது.

அதை வெள்ளையாக வைத்திருக்காதீர்கள். பேர்ண்ட் சியன்னா என்ற செங்கபில நிறத்தை நன்றாகத் தண்ணியாக்கி, பழந்துணியால் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். ஐரோப்பாவின் எண்ணெய் வண்ண ஓவியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை இது. வெள்ளைக்கு மேல் எந்த நிறமும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். நடுத்தர நிறத்தின் மேல் வெளிச்சத்தையும் நிழலையும் சரியாக மதிக்கலாம். உங்களுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது: தேய்த்து முடிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே வரையத் தொடங்கிவிட்டீர்கள்.

திருக்கோவிலில் இருந்து ஓர் அரச ஊழியர்: கந்தோர் வேலைக்குள்ள நேரம் கிடைக்குதில்ல.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலப் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். வேலைக்குப் போகுமுன், கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று எழுதினார். நாவல்கள் மட்டும் 47. உங்களுக்கு அந்த வேகம் தேவையில்லை. 'நேரம் கிடைத்தால்' என்பதை விட்டுவிட்டு, 'விடியத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்ததும்' என்று நாளாந்தம் நடக்கிற ஒன்றோடு எழுத்தைக் கட்டிவிடுங்கள்.

நாவலடியில் இருந்து: 2004இல அம்மாவையும் தம்பியையும் கடல் எடுத்தது. அதை எழுதணும் எண்டு கனகாலமா நினைக்கிறன். உட்கார்ந்தா கை நடுங்குது. இதையும் தாண்டத்தான் வேணுமா?

இல்லை, மகன். மேலே மற்றவர்களுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சாதாரணத் தயக்கம் என்றால் எழுதத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தளரும், எழுதி எழும்பும்போது மனசு லேசாக இருக்கும். எழுதிய பிறகு பாரம் கூடி, நாலைந்து நாள் நித்திரை கெட்டால் அது துக்கம். துக்கத்தை அதட்டி வேலை வாங்கக் கூடாது. கொப்பியை மூடிவைப்பது தோல்வி இல்லை. இத்தனை வருஷம் போய்விட்டதே என்று ஆரும் உங்களை அவசரப்படுத்தவும் வேண்டாம்.

அப்படியும் எழுத மனம் வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை விட்டுவிடுங்கள். அம்மாவைப் பற்றித் தொடங்குங்கள். உங்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, எந்தக் கறிக்கு மாங்காய் போட்டா, தம்பியோடு எதுக்குச் சண்டை பிடித்தீர்கள். அலை வராமலே அந்தப் புத்தகம் முடிந்தாலும் அது முழுமையான புத்தகம்தான். பகலில், வீட்டில் ஆள் இருக்கிற நேரம் எழுதுங்கள். நடுக்கம் விடாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய் ஒருக்கால் கதையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அக்கரைப்பற்றில் இருந்து: எழுத எழுத ஃபேஸ்புக்கில போட்டா ஊக்கம் வரும்தானே?

முடிந்ததைப் போடுங்கள். பாதியில் போட்டால் அடுத்த பந்தியை லைக் போட்டவர்களுக்காக எழுதத் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு முதல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாசிக்கும்போது எந்த இடத்தில் தடக்கியது என்று மட்டும் கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து ஒரு வரியும் திருத்த ஏலாது.