மாவு மில்லில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வர்ஜீனியாவில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தபோது, கிரேட் ஃபால்ஸில் இருக்கும் கால்வின் ரன் மில்லுக்கு அவர்களைக் கூட்டிப்போனோம். தண்ணீரால் ஓடும் பழைய மாவு மில், அவசியம் பாருங்கள் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னது நினைவிருந்தது. ஒரு செங்கல் கட்டடம், ஓடாமல் நின்ற மரச் சக்கரம், பக்கத்தில் பழைய காலத்துப் பலசரக்குக் கடை. அரை மணியில் முடிந்துவிட்டது. “மாவு மில்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று அப்பா கேட்டார். ஆயிரம் வருடக் கோயில்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு 200 வருட மில்லில் எதைக் காட்டுவது? இன்னொரு கேள்வி. அந்தக் கடையில் வாங்கிய மக்காச்சோள மாவை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். மாவை எதற்கு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நிற்கிற மில்லைக் காட்டினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். கோயில் நின்றபடியே முழுமையாக இருக்கிறது. மில் ஓடினால்தான் மில். நீங்கள் போனது அரைக்காத நாள், அவ்வளவுதான். அங்கே சில ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையாகவே தானியம் போட்டு அரைத்துக் காட்டுகிறார்கள். போன் செய்து தேதி கேட்டுக்கொண்டு, இன்னொரு முறை அப்பாவைக் கூட்டிப்போங்கள்.

ஓடும்போது உள்ளே நின்றால் முதலில் தெரிவது அதிர்வு. பலகைத் தரை வழியாகக் காலில் ஏறும். சக்கரம் மெதுவாகத்தான் சுற்றுகிறது, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று இருந்தால் அதிகம். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் அந்த நிதானத்தைப் படிப்படியாக வேகமாக மாற்றி, மேல்கல்லை நூறு சுற்றுக்கு மேல் ஓட்டுகின்றன. அந்தக் கல் ஏறக்குறைய ஒரு டன் எடை. அது கீழ்க்கல்லைத் தொடவே கூடாது. தொட்டால் பொறி பறக்கும், மாவில் கல்தூள் விழும். இரண்டுக்கும் நடுவில், விளிம்புப் பக்கம், ஒரு காகிதம் நுழையும் அளவுதான் இடைவெளி. மில்காரர் மாவு விழும் வாயில் கையை நீட்டி, விரலால் தேய்த்துப் பார்த்தே கல்லை ஏற்றுவார், இறக்குவார். முடிந்தால் அந்த மாவை நீங்களும் வாங்கிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்.

உங்கள் அம்மாவைக் கல் பக்கம் அழைத்துப்போங்கள். அம்மி, ஆட்டுக்கல், திருகை எல்லாம் தேய்ந்ததும் தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திய தலைமுறை அவர். ஆலைக் கல்லுக்கும் அதே கதிதான். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் பள்ளங்களை அவ்வப்போது உளியால் கொத்திக் கூர்மையாக்க வேண்டும். கோதுமைக்குப் பேர்போன கல், பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே சூ ஜுவார் என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்தது. ஒரே பாறையில் வெட்டியது கிடையாது. கெட்டியான கல் துண்டுகளைப் பொருத்திச் சுற்றிலும் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள்.

அப்பாவுக்குக் காட்ட வேண்டியது வேறு. 1811 வாக்கில் கட்டிய இந்த மில், ஆலிவர் எவன்ஸ் என்ற டெலவேர்காரரின் முறைப்படி அமைந்தது. அவருக்கு முன்னால் மில் என்றால் முதுகொடியும் வேலை. மூட்டையைத் தோளில் போட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். அரைத்த மாவு சூடாகவும் ஈரப்பசையோடும் இருக்கும், அப்படியே சலிக்க முடியாது. அதைத் திரும்ப மேலே தூக்கிப்போய்த் தரையில் கொட்டி, ஒரு பையன் வாரியால் கிளறி ஆற வைப்பான். அதன் மேலேயே மிதித்து நடப்பார்கள். அந்த அழுக்கும் ரொட்டியில்தான் சேர்ந்தது.

எவன்ஸ் 1780களில் இதை அடியோடு மாற்றினார். பட்டையில் கோத்த சின்னச் சின்ன வாளிகள் தானியத்தை மேல் மாடிக்குத் தூக்கும். மரத் திருகு ஒன்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். மாவைக் கிளறி ஆற வைத்துச் சல்லடைக்குத் தள்ள, ‘ஹாப்பர் பாய்’ என்ற சுழலும் வாரி. எல்லாவற்றையும் ஓட்டுவது வெளியே இருக்கும் அதே சக்கரம். வண்டியிலிருந்து தானியம் உள்ளே போனால், நடுவில் யாரும் சுமக்காமல் மாவாகப் பீப்பாய்க்கு வந்து சேரும். தொடக்கம் முதல் முடிவு வரை பொருள் தானாக நகர்கிற தொழிற்சாலை என்று சொன்னால், வரலாற்றில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது. 1790இல் இதற்கு அவர் வாங்கியது அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை. அதில் கையெழுத்துப் போட்ட ஜார்ஜ் வாஷிங்டன், அடுத்த வருடமே தன் மவுண்ட் வெர்னான் பண்ணையின் மில்லில் இந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டார். அந்த மில்லையும் திரும்பக் கட்டி ஓட்டுகிறார்கள், உங்களுக்குப் பக்கம்தான். வாஷிங்டனின் மில்லில் உழைத்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். அந்தச் செய்தியையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஒரு தானியத்தைப் பின்தொடருங்கள். எந்த மாடியில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே ஆறுகிறது என்று கூட வருகிறவர்களையும் தேடச் சொல்லுங்கள். அரை மணி போதாது. மாடி மாடியாக அடுக்கிய அந்தக் கட்டடம் மொத்தமும் ஒரே இயந்திரம் என்பது அப்போதுதான் பிடிபடும். நம் ஊரில் கோயிலைக் காப்பாற்ற ஆள் உண்டு. ஏற்றம், செக்கு, கரும்பாலை எப்படி ஓடின என்று ஓட்டிக் காட்டும் இடங்கள் எத்தனை இருக்கின்றன? எனக்கு இதில் உள்ள வருத்தம் பெரியது. இயந்திரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால், இரண்டு தலைமுறையில் அதைக் கொத்தவும் பூட்டவும் தெரிந்த கை இல்லாமல் போய்விடும்.

கடையை நீங்கள் ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். அது மில்லை விட வயதில் சின்னது, 1900 வாக்கில் வந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலனி காலத்து வர்ஜீனியாவில் கோதுமை அரைத்துக் கொடுத்தால் எட்டில் ஒரு பங்கை மில்காரர் கூலியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருந்தது. ரொக்கம் அரிது. இத்தகைய கிராமக் கடைகளிலும் வெகுகாலம் அப்படித்தான். முட்டையும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துத் துணி, ஆணி, காப்பிக்கொட்டை வாங்கிப் போவார்கள். மீதி கணக்கு நோட்டில் ஏறும், அறுவடைக்கு அப்புறம் அடைபடும். பல ஊர்களில் தபால் ஆபீஸும் கடைக்குள்ளேதான். தபால் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்ததும், 1913இல் பார்சல் தபாலும் வந்ததும், இந்தக் கடைகளுக்கு வரும் கூட்டம் குறைந்தது. மில்களுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1880களிலிருந்து மினியாபோலிஸ் போன்ற ஊர்களின் பெரிய ஆலைகளில் இரும்பு உருளைகள் அரைக்கத் தொடங்கின. கால்வின் ரன் 1930கள் வரை தாக்குப்பிடித்தது, பிறகு பாழடைந்து கிடந்தது. 1965இல் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியின் பூங்கா ஆணையம் வாங்கி மீட்டெடுத்தது.

ஃப்ரிட்ஜ் கேள்விக்கும் விடை அந்த உருளைகளில் இருக்கிறது. உருளை ஆலை தானியத்தை உடைத்து, முளையையும் தவிட்டையும் தனியாகப் பிரித்துவிடும். எண்ணெய் முளையில்தான் இருக்கிறது. அது போனபின் மாவு மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் கிடக்கும். கல் அரைவையில் முளையும் சேர்ந்தே நசுங்குவதால் எண்ணெய் மாவில் கலக்கிறது. வாசமும் ருசியும் அதனால்தான் வருகின்றன, சிக்கு வாடை சீக்கிரம் அடிப்பதும் அதனால்தான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் ஃப்ரீசரில். முகர்ந்து பார்த்து எண்ணெய்ச் சிக்கு அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது அங்கே ‘கிரிட்ஸ்’ என்று விற்கும் மக்காச்சோளக் குருணையையும் வாங்குங்கள். சாதாரண ரவையை விடத் தண்ணீர் அதிகம் கேட்கும், நேரமும் பிடிக்கும். கடுகு, உளுந்து, பச்சை மிளகாய் தாளித்து, சிறு தீயில் மூடி வைத்து உப்புமா கிண்டினால் நன்றாக இருக்கும்.