வாசகர் கேள்வி – பதில்: மூன்றாவது மளிகைக் கடை

கேள்வி: பொள்ளாச்சியில் இரண்டு மளிகைக் கடைகள் வைத்திருக்கிறோம். கடைக்குத் தினம் 50,000 ரூபாய் விற்பனை. உடுமலையில் மூன்றாவது திறக்கலாமா? அத்தனை வேகமாக வளர்ந்த சுபிக்ஷா கடைத் தொடர் ஏன் விழுந்தது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, 2008இல் நாடெங்கும் சுமார் 1,600 கடைகளாகப் பெருகியிருந்தது. அந்த வேகம் பெரும்பாலும் கடன் பணத்தில் வந்தது. பணம் வரத்து நின்றதும் சரக்குப் பாக்கி, வாடகை, சம்பளம் எல்லாம் முடங்கின. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடிக் கிடந்தன. மாறாக, 2002இல் மும்பை பவாயில் தொடங்கிய டிமார்ட் கடைத் தொடர், பங்குச் சந்தைக்கு வந்த 2017இல்கூட சுமார் 130 கடைகளோடுதான் இருந்தது. முதலில் மேற்கு மாநிலங்களிலேயே நெருக்கமாகக் கடை போட்டது, சரக்குக்காரர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்தது.

இனி உங்கள் கணக்கு. லாபம் 15 சதவீதம் என்றால் 50,000 ரூபாய் விற்பனையில் சரக்கின் அடக்கவிலை 42,500. முப்பது நாள் இருப்புக்கு 12.75 லட்சம். டிஸ்ட்ரிபியூட்டர்கள் 7 நாள் கடன் தந்தால் அதில் 2.98 லட்சம் அவர்கள் பணம்; மீதி 9.77 லட்சம் உங்கள் கைமுதல். ரேக், ஃப்ரீசர், முன்பணம் எல்லாம் இதற்கு மேல்.

புதுக் கடையில் முதல் மாதங்களில் விற்பனை 20,000தான் வருகிறது என்று வையுங்கள். அதே 12.75 லட்சம் சரக்கு இப்போது 75 நாள் இருப்பு. பிஸ்கட்டும் மாவு வகைகளும் தேதி தாண்டும், பருப்பில் வண்டு விழும். ஆனால் பில்லுக்குக் கெடு அதே 7 நாள். அந்தப் பணத்தைப் பழைய கடைகளின் கல்லாவிலிருந்து எடுப்பீர்கள். அங்கே பாக்கி ஏறும், சரக்கு வண்டி வராது. துவரம் பருப்பும் எண்ணெயும் இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் மறுமாதப் பட்டியலைக் கொண்டுவர மாட்டார். மூன்றாவது கடையின் நோய் முதல் கடையில் தெரிவது இப்படித்தான்.

ஆகவே 5 லட்சம் சரக்கோடு தொடங்குங்கள். பொள்ளாச்சி குடோனிலிருந்தே வாரம் மூன்று முறை வண்டி போகட்டும். அதற்கு முன், பழைய கடைகளில் வேகமாக ஓடும் 200 சாமான்களை எழுதி, தினமும் இரவில் எத்தனை தீர்ந்துபோயிருக்கின்றன என்று மூன்று மாதம் குறியுங்கள். பத்துக்கு மேல் போனால் உடுமலையைத் தள்ளிவையுங்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் புது இடத்துக்குத் தனியாக வேண்டும். ஜிஎஸ்டியில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்தால் போதும்.

கேள்வி: சர்க்கரை மூட்டை பிரித்தால் கணக்கு உதைக்கிறதே?

பதில்: ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 5 கிராம் கூடினாலே 50 கிலோ மூட்டையில் கால் கிலோ போய்விடும். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கிடைக்கும் சரக்கில் இது பெரிய ஓட்டை. காலிப் பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். மூட்டைக்கு ஐந்து பாக்கெட் மறு எடை போடுங்கள்.