கிடாவின் விந்து நாளத்தில் ஒரு முடிச்சு

கேள்வி: குறிஞ்சிப்பாடி அருகே செம்மறி ஆடுகள் வளர்க்கிறேன். பருவத்துக்கு வரும் பெட்டைகளைக் கண்டறிவதற்காக ஒரு கிடாவைக் காயடிக்காமல், கால்நடை மருத்துவரைக் கொண்டு விந்து நாளத்தை மட்டும் வெட்டிக் கட்டினோம். இரண்டு மாதம் ஆன நிலையில், வெட்டிய இடத்தில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. உள்ளே உருவாகும் விந்தணுக்கள் எங்கே போகின்றன? அவற்றால் கிடாவுக்கு நோய் வருமா?

பதில்: விதை தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆண்மைச் சுரப்பு இரத்தத்தில் நேராகக் கலப்பதால் கிடாவின் வேகமும் குறைவதில்லை. வெளியேற வழியில்லாத விந்தணுக்களை, விதையை ஒட்டிச் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்னும் குழாயிலும் அதைச் சுற்றிலும் உள்ள விழுங்கு செல்கள் சிதைத்து உடலுக்குள் சேர்த்துவிடுகின்றன.

நீங்கள் கவனித்த முடிச்சு பெரும்பாலும் விந்தணுக் கிரானுலோமாவாக, அதாவது கசிந்த விந்தணுக்களைச் சுற்றி உருவாகும் கட்டியாக இருக்கும். எதிர்ப்பு மண்டலம் எது தன்னுடையது, எது அந்நியம் என்று குட்டிப் பருவத்திலேயே பழகிவிடுகிறது; விந்தணுவோ கிடா பருவமடைந்த பிறகே தோன்றுகிறது. ஆகவே அதை அந்நியமாகக் கருதித் தாக்காதிருக்க, விதையின் நுண்குழாய்களுக்குள் விந்தணு வளரத் துணைபுரியும் செர்டோலி செல்கள் நெருக்கமாகப் பிணைந்து ஒரு தடுப்பை அமைத்துள்ளன. வெட்டுப்பட்ட முனையில் அழுத்தம் கூடி விந்தணுக்கள் திசுவுக்குள் கசியும்போது, வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டு நார்த்திசுவால் அடைத்துவிடுகின்றன. விந்து நாளம் வெட்டப்பட்ட கிடாக்களில் இது வழக்கமாகக் காணப்படுவதே.

கூடவே, விந்தணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இரத்தத்தில் உருவாகின்றன. இதே நாள அறுவை செய்துகொண்ட ஆண்களிலும் பாதிப் பேருக்கு மேல் இவை காணப்படுகின்றன. ஆனால் எதிர்ப்பொருள் இருப்பதாலேயே நோய் என்று முடிவு செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. இவ்விஷயத்தில் ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு விதம். முயல்களில் சிலவற்றுக்கு, எதிர்ப்பொருளும் விந்தணுப் புரதமும் இணைந்த கூட்டுகள் விதையில் படிந்து அதைப் பாதிக்கின்றன. எலிகளிலோ இனத்துக்கு இனம் விளைவு மாறுபடுகிறது. நாளம் வெட்டப்பட்ட சுண்டெலிகளில், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கும் வெள்ளணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்களை நீக்கிவிட்டால் மட்டும் விதை அழற்சி தோன்றியது என்பதிலிருந்து, உடல் தானே தன் சீற்றத்தை அடக்கிவைக்கிறது என்று தெரிகிறது. 1978-இல், நாளம் வெட்டப்பட்டுக் கொழுப்பு மிகுந்த தீனி உண்ட குரங்குகளில் தமனித் தடிப்பு கூடியதாக வெளியான முடிவு பெரும் கவலையை எழுப்பினாலும், பின்னர் மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகள் அத்தகைய இதயநோய் அபாயத்தைக் காணவில்லை.

உங்கள் கிடாவைப் பொறுத்தவரை, முடிச்சு வலியற்று, அளவு கூடாமல் இருந்தால் அப்படியே விடலாம். சூடும் வீக்கமும் தெரிந்தாலோ, தொட்டால் கிடா துள்ளினாலோ, தொற்றாக இருக்கக்கூடும்; தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள். வெட்டுக்கு அப்பாலுள்ள நாளத்தில் பழைய விந்தணுக்கள் சில வாரங்கள் தங்கியிருக்கும் என்பதால், பெட்டைகளோடு விடுமுன் விந்தை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.