கீழே என்ன மீன்?

அன்புள்ள அக்கா,

எங்கள் வீடு காசிமேட்டில். நான் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை செய்கிறேன். ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்துக்கு வெளியே இரண்டு நாள் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். காலையில் டெக்குக்கு வந்தால் கப்பலைச் சுற்றிப் பெரிய வெள்ளைப் பறவைகள். இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்ததுபோல் கருப்பு. மேலே போய், மூக்கைக் கீழே திருப்பி, இறக்கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு தலைகீழாக விழுகின்றன. கேனட் என்று பெயராம். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது விநாடி வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். அவரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: “கீழ இன்னா மீனு?”

மனசு விட்டுப்போச்சு அக்கா. நம் ஆட்களுக்கு எதைப் பார்த்தாலும் வலையும் விலையும்தானா? இந்தப் பறவை நம் கடலுக்கு வருமா? இப்படி விழுந்து விழுந்தே வயதான பறவைகளுக்குக் கண் போய், பட்டினியில் சாகும் என்று கப்பலில் ஒருவர் சொன்னார். உண்மையா? வீடியோவை இணைத்திருக்கிறேன்.

எம்., காசிமேடு

அன்புள்ள தம்பி,

வீடியோவை ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன். நடுவில் மூன்று பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றனவே, அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கேனட்டை நான் நேரில் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே சொல்கிறேன், உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்கே அது தோன்றவில்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்.

முதலில் அவருக்குப் பதில் அனுப்புங்கள். அந்தக் கடலில் கேனட்டின் சாப்பாடு பெரும்பாலும் மேக்கரல், ஹெர்ரிங், சேண்டீல். இந்தப் பெயர்களைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. மேக்கரல் நம் கானாங்கத்தைக்குப் பங்காளி, முதுகில் வரி வரியாக இருக்கும். ஹெர்ரிங் நம் கவலை மீனுக்கு உறவு. சேண்டீல் மெலிந்த சின்ன மீன், மணலில் புதைந்துகொள்ளும். இப்படிச் சொன்னால் அந்தக் கடலின் அடிப்பக்கம் அவருக்குக் காசிமேட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

மீனைத் தெரிந்துகொண்டால் அந்தப் பாய்ச்சலும் வேறு மாதிரி தெரியும். மேக்கரல் ஓட்டக்காரன். மேலிருந்து ஒரு நிழல் அசைந்தாலே கீழே போய்விடும். அதைவிட வேகமாகத் தண்ணீருக்குள் போயாக வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு உயரம், சில நேரம் 30 மீட்டர் வரை. பத்து மாடிக் கட்டடத்தின் உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழும் வேகம் நொடிக்கு 24 மீட்டர்வரை போகும் என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. மணிக்கு 86 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தலை முதலில் தண்ணீரில் மோதினால் மனிதக் கழுத்து தாங்காது. கேனட்டின் கழுத்துத் தசை இறுகிக்கொள்ள, உடம்பு ஈட்டிபோல் நேராக நிற்கிறது. மூக்குத் துவாரம் வெளியே கிடையாது, இருந்தால் தண்ணீர் பீச்சிக்கொண்டு உள்ளே போயிருக்கும். முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள். கண்ணாடிச் சாமானைப் பார்சல் கட்டும்போது காற்றுக் குமிழி உறை சுற்றுவார்களே, அந்த மாதிரி.

கண் போய்விடும் என்பது கட்டுக்கதை. கப்பலில் மட்டுமில்லை, பல கடற்கரைகளில் இதைச் சொல்கிறார்கள். தண்ணீரில் மோதும்போது உள் இமை ஒன்று கண்ணை மூடிக்காக்கிறது. தண்ணீருக்குள் போனதும் பத்தில் ஒரு நொடி அளவில் பார்வை அதற்கேற்ப மாறிவிடுகிறது. காலில் அடையாள வளையம் மாட்டிவிடப்பட்ட கேனட் ஒன்று 37 வயதுவரை இருந்திருக்கிறது. அத்தனை வருஷமும் பாய்ந்துதானே சாப்பிட்டிருக்கும்?

ஆனால் கண் விஷயத்தில் வேறொன்று நடந்திருக்கிறது. உங்கள் வீடியோவின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பாறை தெரிகிறது. அது பாஸ் ராக். பாறை வெள்ளையில்லை, மேலே உட்கார்ந்திருக்கும் பறவைகளும் அவற்றின் எச்சமும்தான் அந்த நிறம். இந்த வகைக் கேனட்டின் அறிவியல் பெயரிலேயே அந்தப் பாறை இருக்கிறது: மோரஸ் பஸ்ஸானஸ். 2014 கணக்குப்படி சுமார் 75,000 ஜோடிகள். ஒரு கூட்டிலிருந்து எட்டிக் கொத்தினால் அடுத்த கூட்டுக்காரர்மேல் படும், அவ்வளவுதான் இடைவெளி. நம் குப்பத்துக் குழாயடியில் நடக்கும் அத்தனை சண்டையும் அங்கேயும் உண்டு. 2022 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. அடுத்த வருஷம் எண்ணியபோது ஐம்பதாயிரத்துச் சொச்சம்தான் தேறின. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வெளிர்நீலமாக இருந்த கண் கருப்பாகிவிட்டது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் தொலைநோக்கி எடுத்துப் போங்கள், கண்ணைப் பாருங்கள்.

நம் கடலுக்குக் கேனட் வராது. மொத்தமே மூன்று வகை. வட அட்லாண்டிக்கில் ஒன்று, ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் ஒன்று, ஆஸ்திரேலியா நியூசிலாந்துக் கரைகளில் ஒன்று. அதன் தாயாதியான பூபி வெப்பக் கடல்களில் உண்டு, இந்தியப் பெருங்கடல் தீவுகளில் கூடு கட்டுகிறது. பருவக்காற்றில் அடிபட்டு எப்போதாவது இந்தியக் கரையில் ஒதுங்கும். ஸ்பானிய மொழியில் போபோ என்றால் மடையன். பயமில்லாமல் கப்பலில் வந்து உட்கார்ந்து கையில் சிக்கியதால் மாலுமிகள் வைத்த பெயர் என்கிறார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளோ சாப்பாட்டு ராமன்களைக் கேனட் என்பார்கள். உங்கள் மெஸ்ஸிலும் ஓரிருவர் இருப்பார்கள்.

ஆனால் பாய்ந்து மீன் பிடிக்கும் பறவை நமக்கும் இருக்கிறது. ஆலா. நீங்கள் பார்த்து வளர்ந்ததுதான். ஒரு டிசம்பர் விடியலில் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவரின் ஃபைபர் போட்டில் போனேன். முகத்துவாரம் தாண்டியதும் இருபது முப்பது கொண்டை ஆலாக்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. நான் போனைத் தூக்கினேன். அவர் எஞ்சினைக் குறைத்தார். “சொம்மா சுத்துதுன்னா மீனு அடில கீது. உழுந்து எந்திரிச்சாதான் மேல வந்துச்சுன்னு அர்த்தம். இரு.” இருந்தோம். சட்டென்று ஒன்று விழுந்தது, பிறகு மழைபோல எல்லாமும். ஆலா கேனட் மாதிரி ஆழம் போகாது. தொப்பென்று விழும், முதுகு நனைந்ததும் எழுந்துவிடும், அலகில் வெள்ளியாக ஒன்று துடிக்கும்.

அவர் பறவைகளைப் பார்க்கவில்லை, அவற்றுக்குக் கீழே தண்ணீரின் நிறத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதைப் போலவே நானும் மனதுக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். வலையை விட்டு முடித்த பிறகு, பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்: “அந்த ஓரத்துல ஒண்ணு கீது பாரு, கொண்ட கலைஞ்சது. வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரு தபாகூட வெறும் மூக்கோட எந்திரிக்கல. கில்லாடி.” வலை விட்ட நேரம் முழுக்க முப்பது பறவைகளில் ஒன்றைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என் போனில் இருந்ததெல்லாம் வானமும் சில புள்ளிகளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது நீங்கள் எந்தக் கடலில் இருந்தீர்களோ தெரியாது. இறக்கையெல்லாம் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களைப் பேப்பரில் பார்த்து நாங்கள் உச்சுக்கொட்டினோம். எனக்கு வழக்கமாக மீன் விற்கும் அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. “ஆலாவே உழல, அப்புறம் மீனு எங்க?” என்றார்.

அப்பாவுக்குப் பதில் அனுப்பிவிட்டு, அவர் அடுத்து என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) இறங்குகிறது என்று கேட்பார் என நினைக்கிறேன். சாதாரணமாக மூன்று நான்கு பாகம்தான். தண்ணீருக்குள்ளும் இறக்கையால் துழாவி மீனைத் துரத்தினால் பத்துப் பதினொரு பாகம்கூடப் போகும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா