சூளை, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு: எங்கிருந்து தொடங்குவது?

சேலத்தைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளிலும் ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகளிலும் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு இரவு வகுப்பு நடத்தப் போகிறோம், ‘அ, ஆ’விலிருந்து தொடங்கலாமா, ஆங்கிலமும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிலிருந்து தொடங்குங்கள். காசு எண்ண எல்லோருக்கும் தெரியும்; எழுதிவைத்த எண்ணைப் படிக்கும்போதுதான் ஏமாறுகிறார்கள். 1,050, 1,500, 10,500 மூன்றையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். பிறகு ஆளுக்கொரு நோட்டு. தேதி, அறுத்த கல், செலவுக்கு வாங்கிய காசு, முன்பணத்தில் கழித்தது என்று நான்கு கட்டம். மழையில் கரைந்த கல்லையும் தனியாகக் குறிக்க வேண்டும். கணக்கு முடிக்கும் நாளில் தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும். எஸ்டேட்டில் கல்லுக்குப் பதில் பறித்த காபிப் பழத்தின் எடை. நோட்டு வேலையிடத்தில் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை அதைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

கையெழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர் கைநாட்டு வைப்பவரைவிட மோசமாக மாட்டிக்கொள்வார். ‘படித்துத்தானே போட்டாய்’ என்பார்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் தானே எழுதி, வெற்றிடத்தைக் கோடு போட்டு அடித்து, தேதியிட்ட பிறகே கையெழுத்து.

எழுத்துக்கு ‘அ, ஆ’ வரிசை வேண்டாம். பட்டா, கூலி, கடன், மனு என்று அவர்கள் தினம் புழங்கும் சொற்களை உடைத்துக் காட்டுங்கள். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இப்படித்தான் சுமார் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். எழுத்தறியாதவருக்கு அப்போது அங்கே வாக்குரிமையே கிடையாது. மறு ஆண்டு வந்த ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது. எழுத்துக்கு அதிகாரம் அவ்வளவு அஞ்சும் என்பதை மனதில் வைத்து, வகுப்பை முதலாளியின் கொட்டகையில் நடத்தாதீர்கள், மேஸ்திரியை ஆசிரியராக்காதீர்கள்.

மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். அப்போது தொடங்கினால் ஆள் வராது. ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

வாசிப்புப் பாடமாகச் சட்டத்தையே வையுங்கள். கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், 1976இன்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. அது அப்படிப்பட்ட கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. மனுவைக் கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண் 15100. ஏற்காட்டு மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையில் வாழும் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள், அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆங்கிலத்தில் முதலில் பெரிய எழுத்துகள் போதும், பாஸ்புக்கிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் வரவு எது, பற்று எது என்று தெரிய. வெளிமாநிலத்தவருக்கு முதல் தேவை பேச்சுத் தமிழ்: ஊர்ப்பெயர், ‘கூலி பாக்கி’, ‘வெளியே விடவில்லை’, 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எழுத்தை அவரவர் தாய்மொழியிலேயே தொடங்குங்கள். இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரை வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதல் மனுவை ஒருவர் பெயரில் போடவே கூடாது. தனியாகக் கேட்பவரை மறுநாளே வேலையை விட்டு நிறுத்துவார்கள். எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, மனு எண்ணுடன் ரசீது வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.