பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படகுகளைப் பார்த்து வரைகையில், நீரில் படகுப் பாயின் பிம்பம் சேறுபோல் மங்கிவிடுகிறதே?

நிறத் தேர்வில் தவறில்லை, தூரிகையால் தேய்த்துக் கலப்பதுதான் கெடுக்கிறது. ஈர நீலத்தின் மேல் ஆரஞ்சை இழுத்தால் சாம்பல்தான் மிஞ்சும். இரண்டும் எதிர் நிறங்கள், கலந்தால் ஒன்றையொன்று மங்கவைக்கும்.

நீங்கள் பார்த்து வரையும் அர்ஜான்தேய் படகுப் போட்டி ஓவியத்தை (1872 வாக்கில் வரைந்தது, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது) பெரிதாக்கிப் பாருங்கள். மேலே பாயும் வீடும் ஓரளவு முழு உருவம். கீழே நீரில் அதே நிறங்கள் துண்டு துண்டாக, அகலமான கிடைத் தீற்றல்களாகக் கிடக்கும். கிட்டத்தில் ஒன்றும் புரியாது, நான்கடி தள்ளி நின்றால் தண்ணீர்!

நீங்களும் நீலம் காய்ந்த பிறகு தீற்றல்களைத் தேய்க்காமல் தனித்தனியே வையுங்கள். சந்தேகமென்றால் துண்டுத் தாளில் ஈர நீலத்தின் மேல் ஒரு தீற்றல், காய்ந்த நீலத்தின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். தூரிகையை ஒவ்வொரு முறையும் துணியில் துடைக்கணும்.

எண்ணெய் வண்ணம் என்றால் காய நாட்களாகும். நீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணம் சீக்கிரம் காயும், ஆனால் காய்ந்ததும் சற்றுக் கருக்கும்.